பாதத்தின் வளைவு

சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் அடிவார ஊர்களில், சீருடைப் பணித் தேர்வுகளை எண்ணி விடியற்பொழுதில் ஓடிப் பயிலும் இளையோர் பலர். உயரமும் மார்பளவும் பொருந்தி, ஓட்டத்திலும் வென்ற ஒருவர், மருத்துவ ஆய்வில் 'தட்டைப்பாதம்' என்னும் ஒரு சொல்லைக் கேட்டுக் கலங்கி நிற்பதுண்டு. அச்சொல்லின் பொருளை முன்னரே அறிந்தவர்க்கு அக்கலக்கம் பெரிதும் குறையும்.

மூன்று வளைவுகள்

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை உட்புற நெடுக்கு, வெளிப்புற நெடுக்கு, குறுக்கு என மூன்று வளைவுகளாக அமைந்து உடலின் எடையைத் தாங்குகின்றன. தசைநார்கள் எலும்புகளைப் பிணைக்கின்றன. தசைகளும் தசைநாண்களும் வளைவைத் தூக்கி நிறுத்துகின்றன. உட்புற வளைவு தாழ்ந்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படிவதே தட்டைப்பாதம் ஆகும். கைக்குழந்தைகள் அனைவரின் பாதமும் தட்டையாகவே தோன்றும். வளர வளர வளைவு உருவாகிறது.

ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பாருங்கள். சுவட்டின் உட்பக்கம் குழிந்திருந்தால் வளைவு உண்டு. முழுமையாகப் பதிந்தால் தாழ்ந்துள்ளது எனலாம். அடுத்து நுனிக்காலில் நில்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப்பாதம். தோன்றாவிடில் இறுகிய தட்டைப்பாதமாக இருக்கலாம். தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வு அறிவிக்கைகளின் மருத்துவ வரையறைகளிலும் இவ்வேறுபாடு இடம்பெற்றுள்ளது. நுனிக்காலில் நிற்கையில் வளைவு தோன்றி, வலியின்றித் தாவவும் ஓடவும் இயன்றவரை அவ்வரையறை ஏற்கிறது.

காலணியும் வளைவும்

ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இந்திய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2300 சிறாரின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதோரில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. முன்புறம் மூடிய காலணி அணிந்தோரிடையே அது மிகுந்திருந்தது. வெறுங்காலுடன் நடக்கையில் பாதத்தின் சிறு தசைகள் ஓயாது உழைப்பது இதற்குக் காரணமாகலாம். எனினும் முள்ளும் கொக்கிப்புழுவும் உள்ள இடங்களில் காலணி இன்றியமையாதது. தூய்மையான வீட்டுத் தரையில் சிறிது நேரம் வெறுங்காலுடன் நடப்பதே தக்கது.

பயிற்சிகள்

1. தரையில் பாதத்தை ஊன்றி, விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்துக. ஐந்து நொடிகள் நிறுத்தித் தளர்த்துக. பத்து முறை செய்க.

2. சுவரைப் பற்றிக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி, மெல்லத் தாழ்த்துக. பத்து முறை போதும்.

3. தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுக்க. புளியங்கொட்டைகளை விரல்களால் எடுத்துக் கிண்ணத்தில் இடுக.

4. ஒரு காலைப் பின்வைத்துக் குதிகாலை ஊன்றிச் சுவரில் சாய்ந்து, கெண்டைக்கால் தசையை முப்பது நொடிகள் நீட்டுக. இத்தசை இறுகினால் வளைவு மேலும் தாழும்.

பயிற்சியின் எல்லை

இப்பயிற்சிகள் தசைக்கு வலிமை தரும். களைப்பையும் வலியையும் தணிக்கும். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எலும்பின் அமைப்பை அவை மாற்றிவிடும் என்று எண்ணலாகாது. வலியற்ற, நெகிழ்வான தட்டைப்பாதத்திற்குப் பெரும்பாலும் மருத்துவமே தேவையில்லை. பாதம் இறுகியிருந்தாலும், வலியோ வீக்கமோ தொடர்ந்தாலும், ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையானாலும் எலும்பு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தேர்வு நாளன்று முதன்முறையாகத் தம் பாதத்தைப் பற்றி அறிவதைவிட, பள்ளிப் பருவத்திலேயே ஒருமுறை ஈரச்சுவட்டைப் பார்த்துக்கொள்வது நன்று. நம் எடையை நாள்தோறும் சுமக்கும் பாதத்திற்கு நாம் செலுத்தும் எளிய கவனம் அதுவே.