இருதயம் தளர்ந்தவர்கள் தேகப்பயிற்சி செய்யலாமா?

நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்கிக் கொள்கிறது. இரவில் இரண்டு தலையணையை அடுக்கி வைத்துக் கொண்டால்தான் தூக்கம் வருகிறது. அப்படிப்பட்ட மனிதரைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னால் வீட்டார் என்ன சொல்வார்கள்? "டாக்டருக்குப் பைத்தியமா?" என்றுதான் கேட்பார்கள்.

டாக்டர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த நோய்க்கு இருதயச் செயலிழப்பு என்று பெயர். இருதயம் நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை வேண்டிய அளவு இறைத்துக் கொடுக்க அதற்குச் சக்தி போதவில்லை. தேய்ந்துபோன பம்புக்கு ஓய்வு கொடு என்பதே அந்நாளைய வைத்தியம். 1960-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜார்ஜ் பர்ச் என்ற பிரபல டாக்டர், இருதயம் பெருத்துப்போன நோயாளிகளை மாதக் கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்.

ஐந்து வாலிபர்கள்

படுக்கையும் ஒரு நோய்தான் என்பதை வெளிப்படுத்தியது டல்லாஸ் நகரில் 1966-ல் நடந்த ஒரு சோதனை. சுமார் 20 வயதுள்ள, நோய்நொடியில்லாத 5 வாலிபர்களை மூன்று வாரம் படுத்தபடியே இருக்கச் செய்தார்கள். எழுந்தபோது, கடுமையாக உழைக்கையில் பிராணவாயுவை உபயோகிக்கும் திறன் அவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் குறைந்து போயிருந்தது! 1996-ல் அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். 30 வருஷ மூப்பு செய்த கெடுதலைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதலே அதிகம் என்று தெரிந்தது. வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால் நோயாளியின் நிலைமை என்ன ஆகும்?

1990-ல் ஆக்ஸ்போர்டில் ஆன்ட்ரூ கோட்ஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் துணிந்து பார்த்தார்கள். இருதயம் தளர்ந்த 11 நோயாளிகளின் வீட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் வைக்கப்பட்டது. எட்டு வாரம் பயிற்சி, எட்டு வாரம் ஓய்வு. பயிற்சிக் காலத்தில் அவர்களால் அதிக நேரம் உழைக்க முடிந்தது. மூச்சுத் திணறலும் களைப்பும் குறைந்தன.

இருதயம் புதிதாகிவிட்டதா? இல்லை. மூச்சு வாங்குவதற்குக் காரணம் இருதயம் மட்டுமல்ல. சும்மா இருந்து இருந்து கால் தசைகளும் நலிந்து போகின்றன. பயிற்சியால் தசைகள் தேறின. வந்து சேரும் ரத்தத்தை அவை நன்றாக உபயோகித்துக் கொண்டன.

ஆயுள் கூடுமா?

இங்கேதான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 2,331 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளிவந்தது. முதலில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் 36 தடவை பயிற்சி, பிறகு வீட்டில். பயிற்சியால் அபாயமில்லை என்று தெரிந்தது. நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையும் ஓரளவு சுகப்பட்டது. ஆனால் சாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் நிச்சயமாகக் குறைத்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனபின் பலர் சொன்ன அளவு பயிற்சியைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யார்தான் செய்கிறார்கள்!

ஆயுளைக் கூட்டாவிட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். தானே குளித்து, தானே உடுத்தி, கடைத்தெரு வரை போய் வருவது அற்ப விஷயமா? பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவரைக் கேட்டால் தெரியும்.

யாருக்குக் கூடாது?

நோய் மருந்தால் கட்டுப்பட்டு நிலையாக இருப்பவர்களுக்கே இந்தப் பயிற்சி. டாக்டர் பரிசோதித்து அளவு சொன்ன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். மருந்தை நிறுத்தலாகாது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச மூச்சு இல்லையென்றால் வேகம் அதிகம். மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேருகிறது என்று அர்த்தம். அப்போதும், சும்மா இருக்கையிலேயே மூச்சுத் திணறினாலும், மயக்கம் வந்தாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சைக்கிளும் கட்டாயமில்லை. 2021-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 349 முதியவர்களில் ஒரு பாதியினருக்கு, விழாமல் நிற்பது, நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது போன்றவற்றையே பயிற்சியாகக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், அந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களுக்கு நடமாட்டம் நன்றாகத் தேறியிருந்தது. பிரிட்டனில் வீட்டிலிருந்தபடியே செய்யும் திட்டம் ஒன்றில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கை காலை அசைப்பதும் பயிற்சியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.