சிகிச்சை முடிந்தும் முடியாத வலி மாத்திரை

கடைசி கீமோவும் முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொந்தபந்தங்கள் வந்து பார்த்து, ‘பெரிய கண்டம் தாண்டியாச்சு’ என்று ஆறுதலாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகும் சில வீடுகளில் ஒன்று மட்டும் நிற்பதில்லை. அறுவை சிகிச்சையின்போது எழுதித் தந்த வலி மாத்திரை! நாளுக்கு இரண்டு என்று தொடங்கியது நான்காகிறது, பிறகு ஆறாகிறது. ஒரு மாதத்துக்கு வாங்கியது இருபது நாளில் தீர்ந்துபோகிறது. கணவரோ மனைவியோ இதைக் கவனிக்கிறார். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறார். புற்றுநோயைப் பற்றி ஊரறியப் பேசியவர்களால் இதைப் பற்றி உடன்பிறந்தவர்களிடம்கூடப் பேச முடிவதில்லை.

பேசாமல் இருப்பதால்தான் ஆபத்து கூடுகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிகிச்சையின் வழியாக வந்த சிக்கல் இது. சிகிச்சையால் சரிசெய்யவும் முடியும். சட்டமும் நோயாளியின் பக்கம் நிற்கிறது. துணைவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

உடல் பழகுவது, மனம் அடிமையாவது

மார்ஃபின், டிராமடால், டாபென்டடால், கோடீன், ஃபென்டனில் பட்டை ஆகியவை ஓபியாய்டு வகை மருந்துகள். கடும் புற்றுநோய் வலிக்கு இவை அவசியம். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வலி நிவாரணப் படிநிலையிலேயே மார்ஃபினுக்கு இடமுண்டு. அடிமையாகிவிடுவோமோ என்று பயந்து, வலியில் துடிப்பவருக்கு இவற்றை மறுப்பது தவறு.

சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் யாருடைய உடலும் இந்த மருந்துக்குப் பழகிவிடும். அதே அளவு மாத்திரை முன்போல் கேட்காது. திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடல் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். இவை வருவதால் மட்டும் ஒருவரை அடிமை என்று சொல்லிவிட முடியாது. சொன்னபடி சரியாக மருந்து எடுப்பவருக்கும் இவை வரும்.

அடிமைநிலை இதற்கு அடுத்த கட்டம். மாத்திரையைப் பற்றிய நினைப்பே நாள் முழுக்க ஓடும். குறைக்க நினைத்தாலும் முடியாது. ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது, மருந்துக் கடையை மாற்றிக்கொண்டே இருப்பது, ‘தொலைந்துபோச்சு’ என்று சொல்லி மீண்டும் கேட்பது, மாத்திரையை ஒளித்துவைப்பது, பகலில் தூங்கி வழிவது, வேலையிலும் வீட்டிலும் பிடிப்பு விட்டுப்போவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றில் சில, வலி சரியாக அடங்காதவரிடமும் தென்படும். ஆகவே இது எந்த நிலை என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர் மருந்து வகை ஓபியாய்டுகளை மருத்துவத் தேவைக்கு வெளியே பயன்படுத்துவதாக அது கணக்கிட்டது. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் விஷயமல்ல இது.

கட்டி போன பிறகும் ஏன் வலி?

‘புற்றுநோய்தான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன வலி?’ என்று கேட்பது பெரிய அநியாயம். பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் கைகால் நரம்புகளைப் பாதிக்கலாம். எரிச்சலும் மதமதப்பும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்குளிலும் மேற்கையிலும் வலி தங்கிவிடுவதுண்டு. கதிர்வீச்சு பட்ட இடத்தில் தசை இறுகிப்போவதும் உண்டு.

இத்தகைய நரம்பு வலிக்கு ஓபியாய்டு எல்லோருக்கும் பெரிதாகப் பலன் தருவதில்லை. நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு வலி உணர்வே கூடிவிடுகிறது. கீமோவால் வந்த நரம்பு வலிக்கு டுலாக்ஸெட்டின் போன்ற மருந்துகள், பிசியோதெரபி, உடற்பயிற்சி, சிலருக்கு நரம்புத் தடுப்பு ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. எந்த மருந்தைச் சேர்ப்பதானாலும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபெனின் வேலையைச் சில மனச்சோர்வு மருந்துகள் குறைத்துவிடும் என்பது இதற்கு ஓர் உதாரணம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதிதாக ஒரு வலி வந்தாலோ, பழைய வலி திடீரென மாறினாலோ, ‘மாத்திரைக்காக நடிக்கிறார்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். நோய் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

கோபத்தில் அட்டையோடு மாத்திரைகளைக் குப்பையில் வீசுவது பல வீடுகளில் நடக்கிறது. இதைச் செய்யவே கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் உடல் உபாதை வரும், வலி பன்மடங்காகும், தற்கொலை எண்ணம்கூடத் தலைதூக்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் இதையே எச்சரிக்கையாக வெளியிட்டது.

மருத்துவர் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே சரியான வழி. ஓராண்டுக்கு மேல் எடுத்துவருபவருக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். நடுவில் கஷ்டமாக இருந்தால் அதே அளவில் சில வாரம் நிற்கலாம். அடிமைநிலை உறுதியானால் நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளோடு மனநல ஆலோசனையும் தரப்படும். ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று இதைத் தடுக்காதீர்கள். உயிர் காக்கும் சிகிச்சை இது.

வீட்டில் துணைவர் செய்ய வேண்டியவை

பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பது முக்கியம். வலி அடங்கியிருக்கும் நேரம், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுங்கள். இப்படித் தொடங்கலாம்:

“என்னங்க, போன மாசம் வாங்கினது இருபதாம் தேதியே தீர்ந்துபோச்சு. உங்கமேல குத்தம் சொல்லலை. வலி ஜாஸ்தியா இருக்கா, இல்ல தூக்கம் வரலைன்னு போட்டுக்கறீங்களா?”

“டாக்டர்கிட்ட சொன்னா நிறுத்திருவாரே…”

“ஒரேயடியா நிறுத்த வேணாம்னுதான் ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கப் போறோம்.”

இதில் திட்டும் இல்லை, சத்தியம் வாங்குவதும் இல்லை. அடுத்த அடி மட்டும் முடிவாகிறது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நேரம், வலி எங்கே, பத்துக்கு எத்தனை, எத்தனை மாத்திரை, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினால் போதும். ‘இரவு 9 மணி, பாதத்தில் எரிச்சல், மூன்று, இரண்டு மாத்திரை, நாளைக்கு ஸ்கேன்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த மாத்திரை வலிக்காகப் போட்டதா, நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்துக்காகப் போட்டதா என்பது இருவருக்கும் புரிந்துவிடும். பயத்துக்கு வேறு சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் இந்த நோட்டைக் காட்டினால், பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க வேண்டியது ஒரு நிமிடத்தில் புரியும்.

மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். அன்றன்றைக்கு உரியதை மட்டும் வெளியே எடுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு இதைச் செய்ய வேண்டும். போலீஸ் வேலை பார்த்தால் ஒளிவுமறைவுதான் கூடும். ஒரே மருத்துவர், ஒரே மருந்துக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். கடன் வாங்கி மாத்திரை வாங்கித் தராதீர்கள். மீந்த மாத்திரைகளையும் பயன்படுத்திய ஃபென்டனில் பட்டைகளையும் சாதாரணக் குப்பையில் போடாமல், தந்த மருத்துவமனையிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். பயன்படுத்திய பட்டையிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்து மிச்சமிருக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான கட்டம்

மதுவோடும், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளோடும் ஓபியாய்டு சேரும்போது மூச்சு மெல்ல அடங்கிவிடும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினோ கேபாபென்டினோ ஓபியாய்டோடு சேர்ந்தாலும் இந்த ஆபத்து உண்டு. டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரலாம். சில வாரம் நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவையே மறுபடி போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து; உடல் அந்தப் பழக்கத்தை அதற்குள் இழந்திருக்கும்.

தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டை போல் வருகிறது, உதடு நீலம் பூக்கிறது, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை, எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து ஊசி மருத்துவமனையில் உண்டு. நேரம்தான் முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வலிக்கு மருந்து பெறுவது நோயாளியின் உரிமை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது. 2014-இல் வந்த திருத்தத்தின் பயனாக மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வைத்திருந்து வழங்க வழி எளிதானது. சீட்டோடு மாத்திரை வைத்திருப்பது குற்றம் ஆகாது. பயணத்தில் சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

சீட்டில்லாமல் வாங்குவது வேறு விஷயம். டிராமடால் 2018-இல் இதே சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கோடீன், டிராமடால் போன்றவை மருந்துச் சட்டத்தின் எச்1 பட்டியலிலும் இருக்கின்றன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் சிகிச்சைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றச்சாட்டுக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றச்சாட்டுக்கோ ஆளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும். சங்கிலியால் கட்டுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. சம்மதமின்றி அனுமதிப்பதற்கும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே ‘ஆளை அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம்’ என்று சொல்லும் மையங்களை நம்பாதீர்கள். உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் யார், குடும்பத்தார் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவரை ஒப்படைக்கக் கூடாது.

எங்கே போகலாம்?

சிகிச்சை பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை ஆகியவை போதை மீட்பு சிகிச்சை தருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் நோய் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வரும். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

துணைவரே, உங்கள் உடம்பையும் கவனியுங்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்து களைத்த உங்களுக்கும் தூக்கமும், பேச ஒரு மனிதரும் வேண்டும். நீங்கள் ஆலோசகரிடம் போவது அவரைக் காட்டிக்கொடுப்பதாகாது. வீட்டில் அடி, மிரட்டல் என்று வந்தால், நோயைக் காரணம் காட்டிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கு 181 உதவி எண் உண்டு. அவர் நலம்பெற உதவலாம். அவருக்குப் பதிலாக நீங்கள் நலம்பெற முடியாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். நாளுக்கு எத்தனை மாத்திரை என்ற உண்மையான எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கும் சிகிச்சை வேண்டும், மாத்திரைப் பழக்கத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.