ஆணி வாங்கப் போனாலும் என்ட்ரி உண்டு

அமெரிக்காவில் ஹோம் டிப்போ, லோஸ் ரெண்டும் பெரிய ஹார்ட்வேர் கடைகள். அவற்றின் பார்க்கிங்கில் ஃபிளாக் சேஃப்டி நிறுவனத்தின் கேமராக்கள் இருக்கு. "கேமரா எந்தக் கடையிலதான் இல்ல?"ன்னு தோணும். சாதாரண சிசிடிவி வெறும் வீடியோ. ஒருத்தரைத் தேடணும்னா ஆள் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கணும். இது நம்பர் பிளேட்டைப் படிச்சு எழுத்தா மாத்திடும். கூடவே வண்டியோட மாடல், நிறம், பம்பர் ஸ்டிக்கர், நேரம், இடம். எல்லாம் டேட்டாபேஸில் ஒரு வரி. அப்புறம் ஒரே க்வெரி போதும், நம்ம டிபிஎம்எஸ் லேப் மாதிரிதான்.

திருட்டைத் தடுக்கத்தான் என்கின்றன கடைகள். சரி, ஆனா பதிவாவது வந்த எல்லா வண்டியும். அந்தப் பதிவுகளைப் போலீஸும் தேட முடிகிறது என்று 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. அது எங்கே போய் முடியும்? அதே ஆண்டு மே மாதம், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேடி, டெக்சாஸின் ஒரு ஷெரிஃப் அலுவலகம் நாடு முழுக்க 83,000-க்கும் மேற்பட்ட ஃபிளாக் கேமராக்களின் பதிவுகளைத் துழாவியிருந்தது. திருட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பொதுவா 30 நாளில் அழிச்சிடுவோம் என்கிறது ஃபிளாக். அதுக்குள்ள யாராவது எடுத்து வெச்ச காப்பி? கேமராவையே கழற்றச் சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டா, கடை தன் பதிவைத் தானே வெச்சிக்கட்டும். போலீஸுக்கு வேணும்னா வாரண்டோட வரட்டும்.