மார்க் குறைஞ்சா மனசும் குறையணுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட்டைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வர மறுக்கிறானா உங்கள் பிள்ளை? முதலில் சாப்பிட வையுங்கள். கணக்கு அப்புறம்!

கணிதம் 70, இயற்பியல் 60, வேதியியல் 64 என்றால் 70+30+32. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 132. கிண்டியில் இடம் கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக, 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்ற பெயருக்காகவே ஏதோ ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். என்.பி.ஏ. தர அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத் தனித்தனியாகத் தரப்படுவது. நீங்கள் கேட்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். லேபையும் நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொரு வழி: பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் 3 வருஷம், பிறகு எம்.சி.ஏ. 2 வருஷம்.

முடிவை அவனே எடுக்கட்டும். 'பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு' என்று மட்டும் சொல்லிடாதீங்க!