பச்சை குத்தியதை லேசர் எப்படி அழிக்கிறது?

பச்சை குத்தும்போது மை, மேல்தோலைத் தாண்டி டெர்மிஸ் அடுக்கில் இறங்குகிறது. அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் மைத் துகள்களை விழுங்கினாலும், பெரிய துகள்களை அகற்ற முடியாமல் அப்படியே வைத்திருக்கின்றன. அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் பச்சை போவதில்லை.

லேசர் ஒளியை மை உறிஞ்சுகிறது. ஒளித்துடிப்பு சில நானோ நொடிகளே நீடிப்பதால், வெப்பம் சுற்றிலும் பரவுமுன் துகள் சிதறிவிடுகிறது. அந்தப் பொடியை நிணநீர் சிறிது சிறிதாக அள்ளிச் செல்லும். ஆகவே பல முறை, பல வார இடைவெளியில் செய்ய வேண்டும்.

நம் மாநிறத் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமியும் ஒளியை உறிஞ்சினால் கொப்புளமோ நிறத்திட்டோ வரலாம். மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசர் கறுப்பு மைக்கு ஏற்றது. இதை அழகு நிலையத்தில் அல்ல, தோல் மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள்.