ஊர் சுகாதாரத்துக்கு பணம் வேணுமா? இந்த 3 கதவைத் தட்டுங்க!

வேப்பம்பட்டு,

மழை விட்டாலும் தெருவில் தேங்கிய தண்ணி வடியாது. கொசு பெருகும். வீட்டில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. வேப்பம்பட்டு போன்ற புறநகர் ஊர்களில் இதை சரி செய்ய வீடு வீடாக வசூலுக்கு இறங்க வேண்டியதில்லை. இதற்கென்றே நிதி இருக்கிறது.

கிராம சுகாதார நிதி

2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில், கிராம சுகாதார குழுவுக்கு ஆண்டுக்கு ரூ.10 ஆயிரம் வரை ஒதுக்கீடு உண்டு. கொசு ஒழிப்பு, துப்புரவு போன்ற சின்ன வேலைக்கு செலவிடலாம். கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கணக்கும் கேட்கலாம்.

நமக்கு நாமே

சுகாதார நிலையத்துக்கு கட்டிடம் போன்ற பெரிய வேலையா? 2021-ல் மீண்டும் வந்த நமக்கு நாமே திட்டத்தில், மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசு பணம். அதாவது ரூ.3 லட்சம் வேலைக்கு ஊர் பங்கு ரூ.1 லட்சம். மனுவை கலெக்டரிடம் கொடுக்க வேண்டும்.

கம்பெனி பணம்

2013 கம்பெனி சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் ரூ.5 கோடியை தொட்ட கம்பெனிகள், 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு செலவிட வேண்டும். சுகாதாரமும் அதில் அடக்கம். ஆனால் தனி ஆள் கையில் தரமாட்டார்கள். சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்த டிரஸ்ட், சங்கங்களுக்குத்தான் கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

உஷார்!

"நிதி வாங்கித் தர்றேன், முதல்ல கமிஷன் கொடு" என்று யாராவது வந்தால் நம்பாதீங்க. மனு கொடுத்தால் கையோடு ரசீது வாங்குங்க.