குடியம் மலைக்குப் போறதுக்கு முன்னாடி

ஒரகடத்துல வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "ஒரு நாள்தான்டா லீவு. ஏலகிரி, ஜவ்வாது எல்லாம் தூரம். பக்கத்துல ஏற மலையே இல்லையா?"

இருக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் போய், பூண்டி ஏரியைத் தாண்டினால் அல்லிக்குழி மலைத்தொடர். குடியம் குகைகள் அங்கேதான்.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை எதிர்பார்க்காதீங்க. கூரை மாதிரி முன்னால் நீண்டு நிற்கும் பாறை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாறையைக் கிட்டப் போய்ப் பார்க்கணும். சிமெண்டில் கூழாங்கல் பதித்த மாதிரி இருக்கும். குவார்ட்சைட் கற்கள். ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தது இந்த மாதிரிக் கல்லில்தான். சற்றுத் தள்ளியிருக்கும் அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே அகழ்ந்தெடுத்த மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் வயது என்று சாந்தி பப்புவின் குழு 2011-இல் எழுதியது. நம்ம பக்கத்துக்கு உற்பத்தித் தொழில் புதுசில்லை!

நண்பனின் திட்டம்: நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்படியே பைக்கில் கிளம்பி, ஊர்க்காரர் யாரிடமாவது வழி கேட்டு ஏறிடுறது. வேண்டாம்னேன். தூக்கமில்லாத உடம்பு வெயில் தாங்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அங்கே பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ மேட்டை நோக்கி ஏறும்போது வேகமெடுக்கும். மேலே உள்ள புல்லை அதன் சூடே முன்கூட்டிக் காய வைத்துவிடும். சரிவில் மேல்நோக்கி ஓடுகிறவர் அதை முந்துவது கஷ்டம். நீங்க உள்ளே போனது யாருக்கும் தெரியாதுன்னா, தேடி வரவும் ஆள் இருக்காது.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 தடங்களோடு தொடங்கியது. குடியமும் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். தீ அபாயத்தால் 2025-இல் பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதம் தடங்களை மூடினார்கள். ஆகவே மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரிதான் தோது.

மலையில் கடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், காலை மூடும் ஷூ. பூண்டியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துட்டா, காலடியில் கிடப்பது வெறும் கல்லா கருவியா என்று கொஞ்சம் பிடிபடும். கருவியாவே இருந்தாலும் பையில் போடாதீங்க. எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளர்களுக்குப் பாதித் தகவல்.